ஆனைமலைக்கு வெள்ளைத் தொப்பி எதற்கு?

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை போகும் வழியில் ஒரு வீடு. எனக்குத் தம்பி முறை ஆகிறவருடைய வீடு. அவர் கொத்தனார். அவர் மனைவி தென்னந்தோப்பில் வேலைக்குப் போகிறார். ஒரே மகள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

வாசலில் நின்று தெற்கே பார்த்தால் போதும். பாதி வானத்தை மறைத்துக் கொண்டு மலை நிற்கும்.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் ஒரு படம் மாட்டி இருந்தார்கள். அந்தச் சிறுமி வரைந்த படம். பள்ளிக்கூடப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய படம்.

கூர் கூராக மூன்று மலைகள். உச்சியில் வெள்ளை வெளேர் என்று பனிக்கட்டி. அடிவாரத்தில் ஒரு ஏரி. கரையில் ஊசி ஊசியாக மரங்கள். ஒரு மர வீடு. அதன் கூரையிலும் பனி!

"இது எந்த மலை, அம்மிணி?" என்று கேட்டேன்.

"மலைதானுங்க, பெரியப்பா" என்றாள்.

"எங்கே இருக்கிற மலை?"

கொஞ்சம் யோசித்தாள். "போன்ல பார்த்ததுங்க" என்றாள்.

"நம்ம மலையை ஏன் வரையவில்லை?"

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அதை எப்படி வரையறதுன்னு யாரும் சொல்லித் தரலைங்க."

இந்தப் பதில் என் மனதில் தைத்து விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கத்தியால் ஒரு படம்

அந்தப் படத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. அது தூரிகையால் வரைந்த படம் அல்ல. கத்தியால் வரைந்தது!

கத்தி என்றதும் பயப்பட வேண்டாம். காய் நறுக்கும் கத்தி அல்ல. கொத்தனார் கையில் இருக்கும் கரண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதை விரல் நீளத்துக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும். ஒரு மரக் கைப்பிடி. வளைந்து கொடுக்கும் மெல்லிய எஃகுத் தகடு. இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவு. கைவிரல் ஈரச் சாயத்தில் படாமல் இருப்பதற்காக அந்த வளைவு. இதற்குப் 'பேலட் கத்தி' என்று பெயர்.

முதலில் இது படம் வரைய வந்த சாமான் அல்ல. சாயம் குழைக்க வந்தது. குழைத்து முடித்ததும் பலகையில் ஒட்டி இருப்பதை இதனால் வழித்து எடுப்பார்கள். அம்மியில் சட்னி அரைத்து விட்டு வழிக்கிறோமே, அது போல. வழித்த சாயத்தை அப்படியே படத்தில் அப்பினால் என்ன என்று யாரோ ஒரு சித்திரக்காரருக்குத் தோன்றி இருக்க வேண்டும். பிறந்தது புது வழி.

தூரிகை சாயத்தைத் தடவும். கத்தி சாயத்தை அப்பும். அதுதான் வித்தியாசம்.

ராஜா ரவிவர்மாவின் படங்களை நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் தீட்டிய பட்டுச் சேலை நிஜப் பட்டுப் போல மின்னும். தூரிகை போன தடமே தெரியாது. தடத்தை மறைப்பதுதான் அங்கே வித்தை. கத்திப் படம் அதற்கு நேர் எதிர். தடம் தெரிய வேண்டும். மேடு பள்ளம் தெரிய வேண்டும். கண்ணை மூடிக் கொண்டு தொட்டுப் பார்த்தாலும் இங்கே பாறை, இங்கே சரிவு என்று விரலுக்குத் தெரியும். (கண்காட்சியில் தொட்டு விடாதீர்கள். திட்டுவார்கள்.)

மலைக்கும் கத்திக்கும் அப்படி ஒரு பொருத்தம். பாறைக்கு விளிம்பு உண்டு. கத்தி இழுத்த சாயத்துக்கும் விளிம்பு உண்டு. தடித்த சாயத்தின் மேல் வெளிச்சம் பட்டால், அதற்கென்று ஒரு சின்ன நிழல் விழும். அந்த நிழலை யாரும் வரையவில்லை. அது நிஜ நிழல்! காலையில் பார்த்தால் ஒரு படம். ராத்திரி விளக்கைப் போட்டால் வேறு ஒரு படம்.

"கத்தியால் வரைவது சுலபம். அது ஏமாற்று வித்தை" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதி உண்மைதான். முதல் மலை சீக்கிரம் வந்து விடும். அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. சீக்கிரம் வந்த மலையையே திரும்பத் திரும்ப வரைந்து கொண்டிருப்போம். அந்தச் சிறுமிக்கு நடந்தது அதுதான். அவள் கையில் திறமை இருக்கிறது. கண்ணுக்கு வேலை கொடுக்கவில்லை.

வெள்ளைத் தொப்பியின் சொந்தக்காரர்

அப்படியானால் அந்த வெள்ளைத் தொப்பி மலை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் பாப் ராஸ் என்று ஒருவர் இருந்தார். தலை நிறையச் சுருட்டை முடி. தாலாட்டுப் போல மெதுவான பேச்சு. 1983 முதல் 1994 வரை டெலிவிஷனில் படம் வரையக் கற்றுக் கொடுத்தார். ஒரு நிகழ்ச்சி அரை மணி நேரம். அதற்குள் ஒரு படம் முடிந்து விடும். மொத்தம் 403 நிகழ்ச்சிகள்! 1995ல் அவர் காலமாகி விட்டார். இன்றும் போனைத் திறந்தால் அவர் வந்து வரைந்து காட்டுகிறார். அவரைப் பார்த்துக் கற்றுக் கொண்டு, தாங்களும் கற்றுக் கொடுக்கிறவர்கள் எத்தனையோ பேர்.

முதலில் கருநீலத்தில் மலையின் உருவத்தைக் கத்தியால் அப்புவார். பிறகு கத்தி விளிம்பில் கொஞ்சம் வெள்ளைச் சாயத்தை எடுப்பார். உச்சியில் வைத்து, துளியும் அழுத்தாமல், சரிவோடு கீழே இழுப்பார். வெள்ளை விட்டு விட்டு ஒட்டும். ஒட்டாத இடத்தில் அடியில் இருக்கும் கருநீலம் எட்டிப் பார்க்கும். பனி மூடிய பாறை ரெடி! பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். நானும் பிளந்தேன்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்.

பாப் ராஸ் பிறந்தது புளோரிடா மாநிலத்தில். அது மலையே இல்லாத தட்டை நிலம். அவர் விமானப் படையில் சேர்ந்தார். அலாஸ்காவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் ஆண்டு முழுவதும் பனி மூடிய மலைகளைக் கண்டார். ஓய்வு நேரத்தில் அவற்றை வரைந்தார். தங்கம் அரிக்கிற தட்டுகளின் உட்புறத்தில் மலைப் படம் போட்டு, ஊர் பார்க்க வந்தவர்களுக்கு விற்றார். அதாவது, அவர் வரைந்தது தன் கண் முன்னால் இருந்த மலையை!

அலாஸ்காவில் இருந்தவர் அலாஸ்காவை வரைந்தார். சரி. ஆனைமலையில் இருக்கிறவரும் அலாஸ்காவையே வரைந்தால்?

தன் ஊர் மலையை வரைந்தவர்கள்

பிரான்ஸ் நாட்டில் ஆர்னான் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1819ல் பிறந்தவர் கூர்பே. அந்த ஊரைச் சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைகள் சுவர் போல நிற்கும். பாரிஸ் நகரத்துக்குப் போய்ப் பெரிய ஓவியர் ஆன பிறகும் கூர்பே அந்தப் பாறைகளை விடவில்லை. சாயத்தைக் கத்தியால் அப்பினார். சுரண்டினார். மறுபடி அப்பினார். கல்லின் சொரசொரப்பு அப்படியே வந்தது. கத்தியால் மலை வரைவதை ஒரு பெரிய கலை ஆக்கியவர்களில் அவர் முக்கியமானவர்.

அந்தக் காலத்தில்தான் சாயம் டியூபில் வரத் தொடங்கியது. 1841ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர டியூபைக் கண்டுபிடித்தார். அதற்கு முன் குழைத்த சாயத்தைப் பன்றியின் சிறுநீர்ப் பையில் கட்டி வைத்திருந்தார்கள்! டியூப் வந்த பிறகு பையில் போட்டுக் கொண்டு மலையடிவாரத்துக்கே போய் உட்கார்ந்து வரைய முடிந்தது.

கூர்பேயைப் பார்த்துக் கத்தியைக் கையில் எடுத்தவர் செசான். அவரும் பிரான்ஸ்காரர். 1866ல், 27 வயதில், தன் தகப்பனார் பத்திரிகை படிப்பதைக் கத்தியால் வரைந்தார். பிற்காலத்தில் தூரிகைக்கு மாறி விட்டார். ஆனால் ஒரு மலையை மட்டும் அவர் விடவே இல்லை. அவருடைய சொந்த ஊரான எக்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் சேன் விக்துவார் என்று ஒரு மலை. அதை 60 தடவைக்கு மேல் வரைந்தார். ஒரே மலை! உலகத்தில் இருந்தெல்லாம் அந்தப் படங்களைப் பார்க்கப் போகிறார்கள்.

அந்த மலையின் உயரம் என்ன தெரியுமா? 1,011 மீட்டர். நம் ஆனைமலைத் தொடரில் உள்ள ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம் அதுதான்.

நம் நாட்டு ஓவியர்களும் கத்தியை எடுத்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் பிறந்த ராசா 1950ல் பிரான்சுக்குப் போனார். அந்த நாட்டுக் கிராமங்களைக் கத்தியால் சாயம் அப்பி வரைந்தார். பம்பாய் ஓவியர் அக்பர் பதம்சீயும் கத்தியால் மலையும் வானுமாகப் பெரிய படங்கள் செய்தார். அவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

படுத்திருக்கும் யானைகள்

ஆனைமலை எப்படிப்பட்ட மலை?

பெயரே சொல்கிறது. யானைகள் வரிசையாகப் படுத்திருப்பது போல இருக்கும். முதுகு, நெற்றி, தொங்கும் கன்னம் எல்லாம் தெரியும். கூர் முனை அதிகம் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை இமயமலையை விட மூத்தது. வயதான மலை. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையும் காற்றும் தேய்த்த மலை. இளைய மலைகளுக்குத்தான் கூர் முனை. 2012ல் மேற்குத் தொடர்ச்சி மலையை யுனெஸ்கோ சபை உலகப் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்தது. உலகமே மதிக்கிற மலை நம் வீட்டு வாசலில் நிற்கிறது.

நம் மலையில் பனியே இல்லையா? உண்டு. மார்கழிப் பனி உண்டு. வால்பாறைக்கு மேலே உள்ள உயரமான புல்வெளிகளில் குளிர் காலத்து விடியலில் உறைபனி கூடப் படியும். வெயில் ஏறியதும் போய் விடும். ஆண்டு முழுவதும் நிற்கிற வெள்ளைத் தொப்பி மட்டும் கிடையாது.

நம் மலையின் வெள்ளை வேறு. அது மேகம். ஆடி மாதத்தில் பாருங்கள். மேகம் மலை இடுக்குகளில் புகுந்து பால் போல வழியும். வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறில் மழை கொட்டும். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் அது ஒன்று. அதே நேரத்தில் கீழே பொள்ளாச்சியில் சாரலோடு நின்று விடும். ஒரே மலைக்கு இரண்டு பக்கம், இரண்டு நிறம்!

ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும். அடிவாரத்தில் காய்ந்த காடு. ஏற ஏறப் பச்சை. பிறகு தேயிலை. வெட்டி மட்டம் செய்த தேயிலைச் செடிகள் பாய் விரித்தது போல் சரிவெல்லாம் கிடக்கும். அதற்கும் மேலே சோலைக் காடும் புல்வெளியும். அங்கேதான் நம் மாநில விலங்கான வரையாடு திரிகிறது.

இதில் எந்த இடத்தை எடுத்தாலும் கத்திக்கு வேலை இருக்கிறது. தேயிலைச் சரிவா? கத்தியின் விளிம்பால் தட்டித் தட்டிச் சின்னக் கோடுகள். புல்வெளியா? நீளமாக, மெல்ல ஓர் இழுப்பு. பாறையா? தடிப்பாக ஓர் அப்பு. மேகமா? அப்பியதை வழித்து விட்டு, கந்தைத் துணியால் ஒத்தி எடுக்க வேண்டும். மேகத்துக்கு மேடு கூடாது.

கொத்தனார் கொடுத்த பாடம்

அந்தச் சிறுமி சொன்ன பதிலை அப்படியே விட்டு விட எனக்கு மனம் வரவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குப் போய் விட்டேன். வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தோம்.

"மலை என்ன நிறம், அம்மிணி?"

"பச்சைங்க."

"பார்த்துச் சொல்லு."

ஐந்து நிமிடம் பார்த்தாள். "கிட்ட இருக்கிறது பழுப்புங்க. அதுக்குப் பின்னாடி சாம்பல். கடைசியில நீலம். பச்சையே கொஞ்சம்தானுங்க" என்றாள். அவள் குரலில் ஓர் ஆச்சரியம். பிறந்ததில் இருந்து பார்க்கிற மலை!

அது மார்ச் மாதம். அடிவாரத்துக் காடு இலை உதிர்த்து நிற்கும் காலம். தேக்கு அப்போது மொட்டையாக இருக்கும். டாப்சிலிப் பக்கத்துத் தேக்கை அழிய விடாமல் வளர்த்தவர் ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி. 1933ல் இறந்த அவருடைய கல்லறை இன்றும் அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது. அந்தப் பழுப்பு நிறத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

"ஏன் தூரத்து மலை நீலமாக இருக்கிறது?" என்று கேட்டாள். நடுவில் இருக்கிற காற்றுதான் காரணம். வானம் நீலமாகத் தெரிவதற்கு என்ன காரணமோ அதேதான். அதனால் தூரத்து மலையைத் தட்டையாக, மெல்லிசாகப் பூச வேண்டும். கிட்டத்து மலையைத் தடிப்பாக அப்ப வேண்டும். தடிப்பு முன்னால் வரும். மெல்லிசு பின்னால் போகும்.

இதுவரை அவளுடைய தகப்பனார் திண்ணையில் டீ குடித்துக் கொண்டு பேசாமல் இருந்தார். "ஏனுங்கண்ணா, படத்துக்கும் கரண்டிதானுங்களா?" என்று எட்டிப் பார்த்தார். மகள் கத்தி பிடித்திருந்ததைக் கண்டதும் அவரால் தாங்க முடியவில்லை. இறங்கி வந்து விட்டார்.

"தகட்டைப் படுக்கப் போடாதே, அம்மிணி. இழுக்கிற பக்கத்து ஓரம் கொஞ்சம் தூக்கி இருக்கணும். பின் ஓரம் மட்டும் படணும். படுக்கப் போட்டா, வச்சதையும் புடுங்கிட்டு வந்துரும்."

அவர் சொன்னபடி இழுத்தாள். சரியாக ஒட்டியது.

"ஒரே இடத்தைப் போட்டுத் தேய்க்காதே. ரெண்டு இழுப்பு. அதோட விட்டுரணும். தேய்க்கத் தேய்க்கப் பூச்சு செத்துப் போகும்."

ஓவியப் பள்ளியில் சொல்வதும் இதைத்தான். கத்தியை அதிகமாக ஓட்டினால் எல்லா நிறமும் கலந்து சேறாகி விடும். ஒவ்வோர் இழுப்புக்கும் கத்தியைத் துணியில் துடைக்க வேண்டும்.

"ஒரேயடியா அப்பாதே. முதல் பூச்சு இறுகட்டும். அப்புறம் மேல் பூச்சு. இல்லைன்னா வெடிச்சுரும்."

இதுவும் சரி! எண்ணெய்ச் சாயம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வது அல்ல. அதில் உள்ள ஆளி விதை எண்ணெய், காற்றில் இருக்கும் பிராண வாயுவோடு சேர்ந்து இறுக வேண்டும். தடிப்பாக அப்பினால் மேலே தோல் கட்டி விடும். உள்ளே காய மாதக் கணக்கில் ஆகும். பொறுமை இல்லாதவர்களுக்கு அக்ரிலிக் சாயம் இருக்கிறது. தடிப்பு அதிகம் இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் காய்ந்து விடும். கை கழுவத் தண்ணீர் போதும். குழந்தைகளுக்கு அதுதான் நல்லது.

பிறகு அவர் மலையை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பெரிய பாறையில கறுப்பாத் தெரியுது பாரு. மழைத் தண்ணி வழிஞ்ச கறை. அதை வை. அது இல்லாமப் பாறையா?" என்றார்.

நான் அந்த மலையை ஐம்பது வருஷமாகப் பார்க்கிறேன். அந்தக் கறையை நான் கவனித்ததே இல்லை! சுவரில் ஈரம் எங்கே இறங்குகிறது என்று பார்த்துப் பழகிய கண் அல்லவா?

படம் சோறு போடுமா?

"இதெல்லாம் பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு" என்றார் சிறுமியின் தாயார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னார். கத்திப் படம் சாயத்தை வாரி விழுங்கும் என்பது உண்மை. தூரிகையால் பத்துப் படம் வரைகிற சாயம், கத்தியால் இரண்டு படத்துக்குக் கூடக் காணாது.

அதற்கும் கொத்தனாரே வழி சொன்னார். சுவருக்குப் பட்டி பார்க்கிற மாவு வீட்டில் மீதி இருந்தது. அதில் பெவிகால் பசையும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் குழைத்தார். மலையின் மேடு பள்ளத்தை எல்லாம் முதலில் அந்தப் பட்டியால் அப்பி விடுவது. காய்ந்த பிறகு மேலே கொஞ்சமாகச் சாயம் தடவுவது. இன்று பல ஊர்களில் பெண்கள் இப்படிப் படம் செய்து வீட்டில் மாட்டுகிறார்கள். விற்கிறவர்களும் உண்டு. ஆனால் துணியில் செய்யக் கூடாது. துணி வளையும். பட்டி வெடிக்கும். பிளைவுட் பலகைத் துண்டு போதும். மாவைக் கொட்டும்போது தூசி பறக்கும். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, மூக்கை மூடிக் கொள்ளுங்கள். கத்தி ஒன்றும் பெரிய விலை இல்லை. குடும்பத்தோடு ஒரு சினிமாவுக்குப் போகிற செலவை விடக் குறைவுதான்.

தாயாரின் கேள்வி அதோடு தீரவில்லை. "வரைஞ்சு என்னங்க ஆகப் போகுது?"

கோயம்புத்தூரில் 1911ல் பிறந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். சின்ன வயதில் இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கியவர். குடும்ப பாரத்தால் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர முடிந்தது. 1957ல் அதே இடத்துக்குத் தலைவர் ஆனார்! ஓவியம் மட்டும் வயிற்றை நிரப்பாது என்று அவருக்குத் தெரியும். அதனால் தன் மாணவர்களைத் துணியில் சாயம் போடுவது போன்ற கைத்தொழில்களைச் செய்யச் சொன்னார். அதை விற்ற பணத்தைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் நிலம் வாங்கினார்கள். 1966ல் பிறந்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் அதுதான். இன்றும் இருக்கிறது.

எல்லோரும் பணிக்கர் ஆக முடியாது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தச் சிறுமி நாளைக்கு நர்ஸ் ஆகலாம். பாங்கியில் வேலை பார்க்கலாம். தன் மலையைப் பார்க்கத் தெரிந்த நர்ஸாக இருக்கட்டுமே! அதற்குச் செலவு ஒரு பலகைத் துண்டுதானே?

போட்டி நடத்துகிறவர்களுக்கு

என் குறை சிறுமி மீது அல்ல. அந்தப் படத்துக்கு முதல் பரிசு கொடுத்த பெரியவர்கள் மீதுதான். அவர்கள் உட்கார்ந்திருந்த அறையின் ஜன்னலைத் திறந்தாலே மலை தெரிந்திருக்கும். அடுத்த போட்டியில் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: "உன் ஊரில் இருந்து தெரியும் மலையை வரை." ஆனைமலைப் பிள்ளைகளுக்கு ஆனைமலை. மேட்டுப்பாளையத்துப் பிள்ளைகளுக்கு நீலமலை. கோவைக்கு மருதமலை இருக்கிறது, வெள்ளியங்கிரி இருக்கிறது. சென்னிமலைப் பிள்ளைகளுக்குச் சென்னிமலை. மலையே இல்லாத ஊரா? பாறைக்குழியை வரையட்டும்.

ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு நாள் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே உட்கார வையுங்கள். போனில் கற்றுக் கொள்வது தப்பு இல்லை. கத்தி பிடிக்கிற விதத்தை பாப் ராஸிடம் கற்றுக் கொள்ளட்டும். மலையை மலையிடம் கற்றுக் கொள்ளட்டும்.

பெற்றோர்கள் கோவைக்குப் போகும்போது, அவிநாசி சாலையில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஒரு தடவை அழைத்துப் போகலாம். தடித்த சாயத்தில் வரைந்த படம் எங்கே கண்டாலும் நேராக மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். கத்தி எங்கே வைத்தது, எந்தப் பக்கம் இழுத்தது, எங்கே தூக்கியது எல்லாம் தெரியும்.

அன்று மாலை வரை நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். பலகையில் யானை முதுகு போல வெள்ளைப் பட்டியில் மலை எழும்பி இருந்தது. நிறம் இன்னும் வைக்கவில்லை. பெரிய பாறையும் வந்திருந்தது.

ஆறு மணிக்குச் சிறுமி வாசலில் இருந்து கூப்பிட்டாள். "பெரியப்பா, இங்க வாங்க! காலையில வெயில் இடது பக்கம் இருந்துச்சுங்க. இப்ப வலது பக்கம் வந்துருச்சு. மலையே வேற மாதிரி இருக்குதுங்க. இதுல எதை வரையறதுங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவளுடைய தகப்பனார் பலகையின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ரெண்டையும் வரையலாம். முதல்ல இது காயட்டும்" என்றார்.